விசுவாசமும் அன்பும் அன்றாட வாழ்க்கைக்குள் வர: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டு மனம் அசைந்து, "சரி, இனி நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: வேதம் வாசியுங்கள், ஜெபம் பண்ணுங்கள், சபைக்கு வாருங்கள். பதிலில் தப்பே இல்லை. ஆனால் வேதத்தை எந்தப் பக்கத்தில் திறப்பது, கண்ணை மூடி உட்கார்ந்தபிறகு என்ன பேசுவது, திங்கட்கிழமை காலையில் வீட்டில் வாக்குவாதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். விசுவாசத்தில் நன்றாக வளர்ந்தபிறகு அன்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவானின் முதல் நிருபம், அதாவது கடிதம், நேராகவே கேட்கிறது (1 யோவான் 4:20, அதாவது 4ஆம் அதிகாரம் 20ஆம் வசனம்).

ஆகவே வேதத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு துண்டுத் தாளில் ஒருவருடைய பெயரை எழுதுங்கள். தினமும் நீங்கள் பார்க்கிற, பேசவேண்டியிருக்கிற ஒருவர். உங்களுக்கு மிகவும் பிடித்தவர் வேண்டாம். அவரிடம் அன்பாக இருக்க யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. உங்களுக்குப் பெருங்கொடுமை செய்தவரும் இப்போது வேண்டாம். சின்னச் சின்ன எரிச்சல் வருகிற ஒருவர் போதும்: கூடப் பிறந்தவர், மாமியார், பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கிறவர். அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். இனி வரும் படிகள் எல்லாவற்றிலும் இந்தப் பெயர் கூடவே வரும்.

படி 1: நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

பதினைந்து நிமிடம் போதும். தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு வேலைக்கு அடுத்ததாக அதை வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் பல் துலக்கியதும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும், இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவி முடித்ததும் என்று. விடியற்காலை ஜெபம்தான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் அதற்காக மனம் தளர வேண்டாம். இயேசு அதிகாலையிலும் ஜெபித்தார், இரவு முழுவதும் ஜெபித்ததாகவும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷ நூல்களில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, விழிப்போடு பதினைந்து நிமிடம் உட்காருவது நல்லது. செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். செயலியில் வேதம் வாசிக்கிறவர்கள்கூட முதல் சில மாதங்களுக்காவது அச்சுப் புத்தகத்தில் வாசித்துப் பாருங்கள்.

படி 2: மாற்குவில் தொடங்குங்கள்

புதியவர்கள் பலர் ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமம் வரை ஆர்வத்தோடு போய், லேவியராகமத்துப் பலிமுறைகளில் களைத்து நின்றுவிடுகிறார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. வேதாகமம் ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டிருந்தாலும் அது ஒரு நூல்தொகுதி. புராட்டஸ்டண்ட் பதிப்பில் 66 நூல்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. எங்கிருந்தும் தொடங்கலாம் என்பதால், இயேசுவை நேரில் காட்டுகிற இடத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் மாற்குதான் சிறியது. மொத்தமே 16 அதிகாரங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் "சங்கீதம்", "ஆதியாகமம்", "அப்போஸ்தலருடைய நடபடிகள்" என்று இருப்பவை, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "திருப்பாடல்கள்", "தொடக்கநூல்", "திருத்தூதர் பணிகள்" என்று இருக்கும். நூல்கள் வேறல்ல. எது உங்களுக்குத் தடங்கலில்லாமல் புரிகிறதோ அதை வாசியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், ஒரு அதிகாரம்கூட வேண்டாம். இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாம் தடவை வாய்விட்டு. அப்புறம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இயேசு இங்கே என்ன செய்கிறார்? சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நான் யார் மாதிரி நடந்துகொள்கிறேன்?

எப்படி என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். மாற்கு 10:46 முதல் 52 வரை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோவைவிட்டு இயேசு கிளம்புகிறார். கூடவே பெரிய கூட்டம். வழியோரத்தில் பர்திமேயு என்ற பார்வையற்றவர் பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கிறார். இயேசு வருகிறார் என்று தெரிந்ததும் கூப்பிடுகிறார். பேசாமலிரு என்று பலர் அதட்டுகிறார்கள். அதட்டியவர்கள் இயேசுவின் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை, அவரோடு நடந்து வந்தவர்களாகவே இருக்கலாம். இதை வாசிக்கும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இயேசுவோடு நடந்துகொண்டே ஒருவரை அவரிடம் நெருங்கவிடாமல் தடுக்க முடியும்.

அடுத்த வரியில் இயேசு நின்றுவிடுகிறார். எருசலேமை நோக்கிப் போகிற கடைசிப் பயணம் அது. சாவு அங்கே காத்திருக்கிறது என்று சீடர்களிடம் சற்று முன்புதான் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பாரம் மனதில் இருக்கும்போதும், ஒரு கூப்பிடு குரலுக்காக நிற்கிறார். அந்த மனிதரை அழைத்து, "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். பார்வையில்லாதவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். இருந்தும் கேட்கிறார். அந்த மனிதர் தன் வாயால் சொல்லட்டும் என்று விடுகிறார்.

இப்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் இருக்கிறவரிடம், அவருக்கு என்ன வேண்டும் என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? அவருக்கு எது நல்லது என்று நாமே முடிவு செய்து, அதைச் செய்து முடித்து, அவர் நன்றி சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு அவரிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள்: "உங்களுக்கு நான் ஏதாவது செய்யட்டுமா? என்ன வேணும்?" பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். வாசித்தது அன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிட்டது.

படி 3: ஜெபத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

அழகாகப் பேசத் தெரியவில்லையே என்ற கவலை எல்லாருக்கும் வருகிறது. இயேசுவின் சீடர்களுக்கே அது இருந்தது. "எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதிக்கவேண்டும்" என்று அவர்கள் கேட்டபோது இயேசு கற்றுக்கொடுத்ததுதான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும் ஜெபம். மத்தேயு 6இலும் லூக்கா 11இலும் இருக்கிறது. அதை ஒப்பிக்காமல், ஒவ்வொரு வரியிலும் நின்று சொல்லுங்கள். "அன்றன்றுள்ள ஆகாரத்தை எங்களுக்கு இன்று தாரும்" என்ற வரியில் நின்று இந்த மாத வாடகையைப் பற்றிப் பேசலாம், மருத்துவப் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேசலாம். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி வரும்போது, தாளில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். அவருக்காக ஒரு வாக்கியம் வேண்டிக்கொள்ளுங்கள். அவர் மாறவேண்டும் என்று வேண்டாதீர்கள், அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டுங்கள். முதல் வாரம் வாய்தான் சொல்லும், மனசு ஒட்டாது. பரவாயில்லை, சொல்லிக்கொண்டே இருங்கள்.

கோபத்தையும் சந்தேகத்தையும் ஜெபத்துக்கு வெளியே நிறுத்திவைக்க வேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரியே இல்லாமல் இருளில் முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியம் தருகிறது. மாற்கு 9இல் நோயுற்ற மகனைக் கூட்டிவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறார். ஒரே மூச்சில் விசுவாசமும் அவிசுவாசமும். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். உங்களுக்கு வேறு எந்த ஜெபமும் வராத நாட்களில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

படி 4: அன்பைச் சின்னச் சின்னச் செயல்களாக்குங்கள்

ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலின் 1 கொரிந்தியர் 13 திருமணங்களில் அடிக்கடி வாசிக்கப்படுகிற பகுதி. ஆனால் அது புதுமணத் தம்பதிக்கு எழுதப்பட்டதல்ல, சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது. கொரிந்து சபையில் கட்சி பிரிந்து நின்றார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தியில் ஒருவர் பசியோடிருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார். அவர்களிடம்தான் பவுல் "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று தொடங்குகிறார். அன்புக்குப் பொறாமையில்லை, அது சினமடையாது, தீங்கு நினையாது என்று அடுக்கிக்கொண்டு போகிறார். அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் செய்யக்கூடியவை, செய்யாமல் விடக்கூடியவை. உள்ளம் நெகிழ்ந்ததா என்று அங்கே கேள்வியே இல்லை.

அதனால் வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீடிய சாந்தம், அதாவது பொறுமை.

வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளை நினைத்துக்கொள்ளுங்கள். "ஏம்மா, டாக்டர் என்னிக்கு வரச் சொன்னார்?" என்று அம்மா கேட்கிறார். "வியாழக்கிழமைம்மா." கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. மறுபடியும் அதே கேள்வி. "எத்தனை தடவைம்மா சொல்றது!" என்று வாய்வரை வந்துவிடும். பொறுமை என்பது அந்த இடத்தில் மகள் செய்யக்கூடிய ஒரு காரியம்: கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து, முதல் தடவை சொன்ன அதே குரலில் "வியாழக்கிழமைம்மா, நான் கூட வர்றேன்" என்று சொல்வது. அப்புறம் ஒரு அட்டையில் "வியாழன், டாக்டர்" என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மா கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுவது. அட்டை ஒட்டுவதும் அன்புதான். பொறுமையாக இருப்பதைச் சுலபமாக்கிக்கொள்ள வழி தேடுவது குறுக்குவழி இல்லை.

மகளுக்கு அலுப்பும் வரும், அழுகையும் வரும். அன்றைக்கு ஜெபத்தில் அதைச் சொல்லலாம். கூடப் பிறந்தவர்களிடம், "இந்த வாரம் ரெண்டு நாள் நீ வந்து பாத்துக்கோ" என்று கேட்கவும் வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கவேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்றுதான் கலாத்தியர் 6:2 சொல்கிறது.

படி 5: மன்னிப்புக் கேட்கப் பழகுங்கள்

மன்னிப்பதைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்பதுதான் அதைவிடக் கஷ்டம் என்பது என் எண்ணம். பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது, உன்பேரில் இன்னொருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார் (மத்தேயு 5:23, 24). ஆராதனையை நடுவில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிற அளவுக்கு அவசரம்!

கேட்கும்போது என்ன செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். "நேத்து எல்லார் முன்னாடியும் உன் சம்பளத்தைப் பத்திப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்தான்..." என்று சேர்த்தால் சண்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். "உனக்கு வருத்தமா இருந்திருந்தா ஸாரி" என்பது மன்னிப்பே இல்லை. ஏதாவது நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் ஈடு செய்யுங்கள். வரி வசூலிப்பவரான சகேயு, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதும்தான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். நீங்கள் மன்னிப்புக் கேட்டவர் உடனே மன்னிக்கவேண்டும் என்று நெருக்காதீர்கள். கேட்பது உங்கள் வேலை, எடுத்துக்கொள்ளும் நேரம் அவருடையது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். வீட்டில் அடி உதையோ மிரட்டலோ பாலியல் கொடுமையோ நடக்கிறது என்றால், "மன்னித்துப் பொறுத்துப் போ" என்ற அறிவுரைக்குக் கட்டுப்படாதீர்கள், அதைச் சொல்கிறவர் போதகராகவே இருந்தாலும். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமானவரிடம் சொல்லுங்கள், சட்ட உதவியை நாடுங்கள். ஏரோது ராஜா குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது யோசேப்பு இரவோடு இரவாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார், அது தேவதூதன் சொன்ன வழி.

படி 6: வேலையையும் ஜெபத்தோடு சேருங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி இருந்தார். முன்பு போர்வீரர், போரில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை, அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. அந்தச் சமையலறையிலேயே, ஒவ்வொரு சின்ன வேலையையும் கடவுள்மேல் உள்ள அன்பினால் செய்யப் பழகினார். ஜெப நேரம், வேலை நேரம் என்று இரண்டாகப் பிரிக்க அவருக்குத் தோன்றாத அளவுக்கு அது வளர்ந்தது. 1691இல் இறந்துபோனார். நாம் தொடங்க ஒரு வழி: தினமும் செய்தே ஆகவேண்டிய, உங்களுக்குப் பிடிக்காத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, கையை வைப்பதற்கு முன்பு "ஆண்டவரே, இதை உமக்காகச் செய்கிறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். அப்புறம் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். அலுவலகத்தில் ஜெபித்துவிட்டுக் கணக்கைத் தப்பாக எழுதினால் பார்க்கிறவர்கள் எதை நம்புவார்கள்?

படி 7: இரவில் ஐந்து நிமிடம்

இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) கற்றுக்கொடுத்த ஆன்மச் சோதனை என்ற முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். படுக்கும் முன் அன்றைய நாளைக் காலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நன்றி சொல்ல ஒன்று, வருத்தப்பட ஒன்று, நாளைக்கு உதவி கேட்க ஒன்று. நன்றியை முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இது குற்றப்பட்டியலாகிவிடும். தாளில் உள்ளவர் அன்றைக்கு எங்கே வந்தார் என்றும் பாருங்கள்.

படி 8: ஒரு சபையைக் கண்டுபிடியுங்கள்

தனியாக நெடுநாள் போக முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை, பழைய புராட்டஸ்டண்ட் சபைகள், பெந்தெகொஸ்தே சபைகள் என்று வழிபாட்டு முறைகள் வெவ்வேறாக இருக்கும். ஓர் இடத்தில் அமைதியான திருவழிபாடு, இன்னோரிடத்தில் கைதட்டிப் பாட்டு. ஒரே ஒரு ஞாயிறு போய்விட்டு முடிவு செய்யாதீர்கள். தொடர்ந்து ஒரு மாதமாவது போய், ஆராதனை முடிந்தபின் நின்று கவனியுங்கள். தனியாக நிற்கிற முதியவரிடம் யாராவது பேசுகிறார்களா? வசதியில்லாதவரும் முன்வரிசையில் உட்கார முடிகிறதா? யாக்கோபு 2ஆம் அதிகாரம் இதைத்தான் கேட்கிறது.

சில இடங்களை விட்டு விலகிவிடுவது நல்லது. காணிக்கைக்கு அற்புதம் என்று பேரம் பேசுகிற இடம், மருந்தை நிறுத்தச் சொல்கிற இடம், குடும்பத்தோடு பேச்சை முறிக்கச் சொல்கிற இடம், தலைவரிடம் கேள்வி கேட்டால் அது பாவம் என்கிற இடம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. ஞானஸ்நானத்துக்கும் அவசரம் வேண்டாம். நன்றாகச் சொல்லிக்கொடுத்து, கேள்வி கேட்கவிட்டு, நீங்களாக மனமொப்பி வரும்வரை காத்திருக்கிற சபைதான் உங்களை நேசிக்கிற சபை.

வீட்டில் மற்றவர்கள் வேறு நம்பிக்கையில் இருந்தால்

பலருக்கு இதுதான் பெரிய கேள்வி. புது விசுவாசத்தின் வேகத்தில் பெற்றோர் நம்புவதைக் குறைத்துப் பேசாதீர்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது வேலையில் கைகொடுங்கள். அவர்கள் மனம் மாறுவார்கள் என்ற கணக்கோடு அன்பு காட்டவும் வேண்டாம். அப்படிக் காட்டும் அன்பை எதிரில் இருப்பவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார், அதற்கு அன்பு என்று பெயரும் இல்லை. நீங்கள் எதில் பங்கெடுக்க முடியாது என்பதை ஒரே தடவை மரியாதையாகச் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் முன்பைவிட அதிகமாகக் கூட இருங்கள்.

ஒன்றுமே தோன்றாத நாட்கள்

வரும். வாசிப்பது வெறும் எழுத்தாக இருக்கும், ஜெபம் சுவரில் மோதித் திரும்புவதுபோல் இருக்கும். உங்களிடம் ஏதோ ஒளித்த பாவம் இருப்பதால்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து எழுப்புகிறான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார், தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். கடவுள் அவரோடு பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான். அதனால் முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள், ஒரு நண்பரிடம் பேசுங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், அதே நாளில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. அந்த நாட்களில் பதினைந்து நிமிடம் முடியாவிட்டால் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற கர்த்தருடைய ஜெபம் ஒரு தடவை போதும்.

மாற்கு முடிந்ததும்

அடுத்து லூக்காவை எடுங்கள். நல்ல சமாரியனும், தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிவரும் தகப்பனும் அங்கேதான் இருக்கிறார்கள். அதன்பின் ஐந்தே அதிகாரமுள்ள 1 யோவான். நடுநடுவே நாளுக்கு ஒரு சங்கீதம் சேர்த்துக்கொண்டால் 150 நாளுக்கு வரும். தாளில் உள்ள பெயரை எப்போது மாற்றுவது என்று சிலர் கேட்கிறார்கள். மாற்ற வேண்டாம், அதன்கீழே இரண்டாவது பெயரை எழுதுங்கள். இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டமான ஒருவராக இருக்கட்டும்.